பிக்னிக் ஷெட்டைத் தாண்டி: வளைகுடாப் பகுதித் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இயங்கும் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கும், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த ஆண்டுக்கான நிகழ்ச்சிகளை முடிவுசெய்ய நீங்கள் கூடும் நேரம் இது. பொங்கலுக்கு எந்தப் பள்ளியின் அரங்கம், சித்திரைப் பட்டிமன்றத்துக்கு யார் நடுவர், தீபாவளிக்கு எத்தனை நடனம் என்று பேசிப் பேசி நள்ளிரவு ஆகிவிடும். கோடை பிக்னிக் மட்டும் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். போன வருஷம் பிடித்த ஷெட்டையே பிடித்துவிடலாம், அதே கேட்டரிங், அதே உறியடி. அந்த இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம் நீட்டச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

கேட்பது இதுதான். கலிபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களை, ஸ்டேட் பார்க் என்று நாம் சொல்பவற்றை, உங்கள் ஆண்டுத் திட்டத்தில் ஒரு நிலையான பகுதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசை வாடகைக்கு எடுத்து, சாப்பிட்டு, மாலையில் கிளம்பிவிடும் இடமாக மட்டும் அவை நமக்கு இருந்துவிட வேண்டாம். பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் இடமாக, நம் ஆட்களின் உழைப்பும் நேரமும் போய்ச் சேரும் இடமாக ஆக்க முடியும். தனித்தனிக் குடும்பங்களுக்கு எழுதாமல் அமைப்புகளுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பூங்காக்கள் உருவானதும் பிழைத்ததும் பெரும்பாலும் உங்களைப் போல வேலை நேரம் போக மீதி நேரத்தில் கூடிய சங்கத்துக்காரர்களால்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. நேஷனல் பார்க்தான் அண்ணன், ஸ்டேட் பார்க் அதன் தம்பி என்பது நம் பொதுவான நினைப்பு. யோசெமிட்டிக்கு மாதக்கணக்கில் முன்பே திட்டமிடும் நாம், பக்கத்து மலையில் இருக்கும் ஸ்டேட் பார்க்கை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு வேலை இல்லையென்றால் எட்டிப் பார்க்கிறோம். ஆனால் அந்த யோசெமிட்டியே முதலில் மாநிலத்திடம்தான் இருந்தது. 1864 ஜூன் 30, உள்நாட்டுப் போர் இன்னும் முடியாத காலம். யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் மாரிபோசா ராட்சத செகோயா மரத் தோப்பையும் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டார். மக்கள் வந்து ஓய்வெடுக்கவும் பயன்படுத்தவும் வைத்திருக்க வேண்டும், எந்தக் காலத்திலும் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வந்தது எட்டு ஆண்டுகள் கழித்து, 1872இல். வயோமிங் அப்போது மாநிலமாகவே ஆகியிருக்கவில்லை, ஒப்படைக்க அங்கே ஒரு மாநில அரசு இல்லை. யோசெமிட்டி பள்ளத்தாக்கு மறுபடி மத்திய அரசின் கைக்குப் போனது 1906இல்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மக்களுக்கு என்று லிங்கன் கொடுத்த அந்தப் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். அவானீச்சி என்ற பூர்வகுடி மக்களை 1851இல் ஒரு தன்னார்வப் படை புகுந்து விரட்டியது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது ‘யாரும் இல்லாத இயற்கை’ ஆனது. எந்தப் பூங்காவின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்றாலும் இந்த இரண்டாவது கதையையும் தேட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது நம் பக்கத்து மலைக்கு வருவோம். சான் ஹோசேயில் ஆண்ட்ரூ ஹில் என்று ஓர் ஓவியர் இருந்தார், புகைப்படக்காரரும் கூட. 1899இல் சான்டா குரூஸ் மலையில் ஒரு காட்டுத்தீ. தண்ணீர் போதாமல் பக்கத்து ஒயின் தொழிற்கூடத்தின் ஒயினை ஊற்றி அணைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தச் செய்திக்காக இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று அந்த மலையின் ரெட்வுட் என்ற நெடுமரங்களின் படம் கேட்டது. ஹில் ஃபெல்டனில் இருந்த ஒரு தனியார் தோப்புக்குப் போய்ப் படம் எடுத்தார். தோப்பின் உரிமையாளர் வந்து, என் மரத்தை நீ எப்படிப் படம் எடுக்கலாம், நெகட்டிவைக் கொடு என்று சண்டைக்கு நின்றார். ஹில் கொடுக்கவில்லை. இந்த மரங்கள் எல்லாருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற முடிவோடு வெளியே வந்தார்.

அவர் தனியாக இல்லை. ஜோசஃபின் மெக்ராக்கின் என்ற எழுத்தாளர் அதே 1899 தீயில் தன் வீட்டை இழந்தவர். மரங்களைக் காப்பாற்றுங்கள் என்று 1900இன் தொடக்கத்தில் சான்டா குரூஸ் செய்தித்தாளில் எழுதினார். கேரி ஸ்டீவன்ஸ் வால்டர் என்ற கவிஞர் சேர்ந்துகொண்டார். 1900 மே மாதம் ஒரு சிறு குழு அதே மலையில் பிக் பேசின் என்ற ரெட்வுட் காட்டுக்குள் போய்க் கூடாரம் போட்டுத் தங்கியது. மே 18ஆம் தேதி, ஸ்லிப்பரி ராக் என்ற பாறையருகே உட்கார்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர் செம்பர்வைரன்ஸ் கிளப். தொப்பியைச் சுற்றில் விட்டு வசூலித்தார்கள். சேர்ந்தது 32 டாலர்.

அந்த 32 டாலரோடு அவர்கள் சட்டமன்றம் வரைக்கும் போனார்கள். ஹில்லின் படங்களைக் காட்டினார்கள், பெண்கள் அமைப்புகளையும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களையும் பத்திரிகைகளையும் ஒன்றுசேர்த்தார்கள். 1901இல் மாநிலம் இரண்டரை லட்சம் டாலர் ஒதுக்கியது. 1902இல் 3,800 ஏக்கர் வாங்கப்பட்டு பிக் பேசின் பொதுச் சொத்தானது. கலிபோர்னியாவில் இன்று இருக்கும் மாநிலப் பூங்காக்களில் அதுதான் மூத்தது. இப்போது 18,000 ஏக்கருக்கும் மேல். ஹில்லைத் திருப்பி அனுப்பிய அந்த ஃபெல்டன் தோப்பும் பின்னாளில் பொதுமக்களுக்கு வந்துசேர்ந்தது. ஹென்றி கவல் ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க்கில் வாகன நிறுத்தத்திலிருந்து தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்குச் சமதளமான ஒரு நடைபாதை இருக்கிறதே, அதுதான் அந்த இடம். உங்களில் பலர் அங்கே குடும்பத்தோடு படம் எடுத்திருப்பீர்கள். யாரும் நெகட்டிவைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நம் அமைப்புகளின் வருடாந்தர வசூலை நீங்கள் அறிவீர்கள். ஒரு பொங்கல் விழாவின் ஒலிபெருக்கி வாடகைகூட 32 டாலரைத் தாண்டும். பணம் பெரிய தடை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் அந்தக் காடு. கடலோர ரெட்வுட் உலகத்திலேயே உயரமான மரம். பிக் பேசினில் முந்நூறு அடியைத் தாண்டியவை உண்டு, ஆயிரம் ஆண்டைத் தாண்டியவையும் உண்டு. இவ்வளவு உயரத்துக்கு ஆணிவேர் எவ்வளவு ஆழம் போகும் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த மரத்துக்கு ஆணிவேரே கிடையாது. வேர்கள் சுமார் பத்தடி ஆழத்திலேயே நின்று, பக்கவாட்டில் நூறடி வரை ஓடி, அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொள்கின்றன. கலிபோர்னியாக் கோடையில் மழை இல்லை. பசிபிக் கடலிலிருந்து காலையில் ஏறிவரும் பனிமூட்டம் இலைகளில் படிந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. இலைகளும் நேரடியாக அதை உறிஞ்சிக்கொள்கின்றன. ஜூலை மாதத்தில் காலை எட்டு மணிக்கு அங்கே போனால், மழையே பெய்யாதபோதும் மரத்தடியில் மட்டும் தூறுவது தெரியும். நாம் பதினொன்றரைக்குப் போய் இறங்குவதால் அதைப் பார்ப்பதே இல்லை.

2020 ஆகஸ்ட் 16 அதிகாலை, மழையில்லாத இடிமின்னல் ஒன்று வளைகுடாப் பகுதி முழுக்க அடித்தது நினைவிருக்கும். நோய்த்தொற்றுக் காலம், எல்லாரும் வீட்டில் இருந்தோம். வானம் செம்மஞ்சளாக மாறிய அந்த செப்டம்பர் நாளையும் மறந்திருக்க மாட்டோம். அந்த மின்னலில் பிறந்த தீ இரண்டு நாளில் பிக் பேசினுக்குள் இறங்கியது. பூங்காவின் 97 சதவீதம் எரிந்தது. 1930களில், பொருளாதார நெருக்கடிக் காலத்தில், வேலையில்லாத இளைஞர்களைச் சேர்த்து அரசு அமைத்த படையினர் மரத்தாலேயே கட்டிய தலைமை அலுவலகம் சாம்பலானது. முதல் படங்களைப் பார்த்தபோது இனி அந்தக் காடு இல்லை என்றுதான் தோன்றியது.

ரெட்வுட் மரங்களில் பெரும்பாலானவை சாகவில்லை. அதன் பட்டை ஓரடி தடிமன் வரை இருக்கும், பைன் மரத்தைப் போலப் பற்றி எரியும் பிசினும் அதில் இல்லை. சில மாதங்களில் கரிந்த தண்டுகளின் மேலிருந்து கீழ்வரை பச்சைக் குருத்துகள் வெடித்துக் கிளம்பின. பட்டைக்கு அடியில் பல நூறு ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த மொட்டுகளிலிருந்து அவை முளைத்தன என்றும், சில மரங்களில் அவை உண்டதில் பாதி வரை அரை நூற்றாண்டுக்கும் முன் மரம் தயாரித்துச் சேமித்து வைத்திருந்த சர்க்கரை என்றும் அங்கே ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2023இல் எழுதினார்கள். பக்கத்திலேயே நின்ற டக்ளஸ் ஃபிர் மரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவை ஆயிரக்கணக்கில் பட்டுப்போய் நிற்கின்றன. 2022 ஜூலையில் பூங்கா ஓரளவு திறக்கப்பட்டது. போய்ப் பாருங்கள். கருப்புத் தண்டும் அதைச் சுற்றிப் பஞ்சுபோல் அடர்ந்த இளம்பச்சையுமாக ஒரு காடு எப்படி மீள்கிறது என்பதை நம் பிள்ளைகள் இந்தச் சில வருடங்களில்தான் பார்க்க முடியும். அவர்கள் கல்லூரிக்குப் போகும்போது இந்தக் காட்சி மாறிவிட்டிருக்கும்.

இப்போது பிக்னிக்கைப் பற்றிப் பேசியாக வேண்டும். இது நமக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மார்பிள்டு மர்லெட் என்று ஒரு சிறிய கடற்பறவை உண்டு. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. வாழ்நாளெல்லாம் கடலில் மீன் பிடித்துத் தின்னும். ஆனால் அது எங்கே முட்டையிடுகிறது என்பது பறவையியலாளர்களுக்குப் பல காலம் புரியாமலே இருந்தது. 1974 ஆகஸ்டில் பிக் பேசின் முகாம் பகுதியில் ஒரு மரத்தொழிலாளி, ஆபத்தான கிளைகளை வெட்டுவதற்காகத் தரையிலிருந்து வெகு உயரத்துக்கு ஏறினார். பாசி படர்ந்த அகன்ற கிளையின்மேல் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. கால்விரல்களுக்கு இடையில் தோல், கடற்பறவைக்கு இருப்பதுபோல. வட அமெரிக்காவில் அந்தப் பறவையின் கூடு அப்போதுதான் முறையாகப் பதிவானது. கூடு என்றுகூடச் சொல்ல முடியாது. முதிர்ந்த மரத்தின் கிளையில் பாசி மெத்தை இருக்க, அதில் ஒரு பள்ளம், அதில் ஒரே ஒரு முட்டை. இளம் மரங்களில் அவ்வளவு அகலமான கிளை இருக்காது. பழங்காடு போனால் இந்தப் பறவைக்குப் பிள்ளை பெற இடமில்லை. 1992 முதல் மாநிலச் சட்டத்தின்படி அழியும் நிலையில் உள்ள உயிரினம்.

அந்த ஒற்றை முட்டைக்கு இன்றிருக்கும் பெரிய எதிரி ஸ்டெல்லர்ஸ் ஜே என்ற, கொண்டை வைத்த நீலப் பறவையும், அண்டங்காக்கையும். இவை இயல்பாகவே இந்தக் காட்டில் உள்ளவைதான். ஆனால் பிக்னிக் மேசைகளும் முகாம்களும் இருக்கும் இடங்களில் இவற்றின் எண்ணிக்கை பல மடங்காகப் பெருகிவிடுகிறது. காரணம் நாம் சிந்துவது. சிப்ஸ் தூள், ரொட்டித் துண்டு, மிக்சர், மேசைக்கடியில் உதிர்ந்த புளியோதரை. தின்றுவிட்டு மேலே போய் உட்காரும் பறவைக்கு மர்லெட்டின் முட்டை தட்டுப்படுகிறது. துணுக்குகூடச் சிந்தாதீர்கள் என்று பூங்காத் துறை ஒரு பிரசாரமே நடத்திவருகிறது. இன்னும் ஒன்று செய்தார்கள். சிறிய கோழிமுட்டைகளை மர்லெட் முட்டையைப் போல நீலப்பச்சையில் புள்ளிவைத்து வண்ணம் பூசி, குமட்டல் உண்டாக்கும் மருந்தை உள்ளே செலுத்தி, மரங்களில் வைத்தார்கள். ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை அந்த நிற முட்டையை அடுத்த முறை தொடாது.

நான் பார்த்த ஒரு பிக்னிக்கில், பந்தி தொடங்கும் முன் பெரியவர் ஒருவர் ஒரு கைப்பிடி சாம்பார் சாதத்தைத் தனியாக எடுத்து, மேசையை ஒட்டிய வேலிக்கம்பத்தின்மேல் வைத்தார். நீலப் பறவை இரண்டு உடனே வந்து இறங்கின. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவரிடம் எந்தத் தவறும் இல்லை. காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று வளர்ந்த தலைமுறை அது, நல்ல மனசோடு செய்த காரியம். ஆனால் அந்தக் காட்டில் அந்தக் கைப்பிடிச் சோறு இன்னொரு பறவையின் குஞ்சைக் கொல்லும் என்று அவருக்கு யாராவது தமிழில் சொல்லியிருக்க வேண்டும். பூங்காவின் பலகை ஆங்கிலத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கு அது போய்ச் சேராது. இந்த வேலையை உங்களைத் தவிர யாரும் செய்ய முடியாது. பிக்னிக் அழைப்பிதழில் நாலு வரி, இடத்தில் ஒலிபெருக்கியில் ஒரு நிமிடம், கிளம்பும் முன் மேசைக்கடியில் கையால் பொறுக்க நாலு தன்னார்வலர்கள். அவ்வளவுதான் தேவை.

முன்பு சொன்ன இரண்டாவது கதைக்கு வருகிறேன். இந்தக் காடுகளைக் காப்பாற்றியவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. வடக்கே ஹம்போல்ட் பக்கத்து ரெட்வுட் காடுகளைக் காக்க 1918இல் ஒரு சங்கம் தொடங்கியது. நிதி திரட்டி, நிலம் வாங்கி, பூங்கா பூங்காவாக மாநிலத்திடம் சேர்த்த பெரிய சங்கம் அது. அதைத் தொடங்கிய மூவரில் ஒருவர் மேடிசன் கிராண்ட். மரங்களை நேசித்த அதே மனிதர், வடக்கு ஐரோப்பிய வெள்ளையரே உயர்ந்த இனம் என்று புத்தகம் எழுதினார். ஆசியர்களுக்குக் கதவை அடைத்த 1924 குடிவரவுச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டியவர்களில் அவர் முக்கியமானவர். நம் தாத்தாக்கள் அன்று வந்திருந்தால் உள்ளே விடக் கூடாது என்று பாடுபட்டவர். அவருக்கான நினைவுக்கல் பிரெய்ரி கிரீக் ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க்கில் பல பத்தாண்டுகள் நின்றது. 2021இல் பூங்காத் துறையே அதை அகற்றியது. அதே ஆண்டு பேட்ரிக்ஸ் பாயின்ட் பூங்காவுக்கு யூரோக் மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த ‘சூ-மெக்’ என்ற பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பக் கிடைத்தது.

பிக் பேசின் வட்டாரத்திலும் அப்படித்தான். கோட்டோனி, கிரோஸ்டே பூர்வகுடி மக்கள் அந்த மலைச்சரிவுகளில் திட்டமிட்டுச் சிறு தீ வைத்து, புதரை அடக்கி, புல்வெளியும் விதைச்செடியும் வளர வழிசெய்து வாழ்ந்தார்கள். ஸ்பானியர்கள் அவர்களை மிஷன் என்ற கிறித்தவ மதக் குடியிருப்புகளுக்குள் கொண்டுபோனதும் அந்தப் பராமரிப்பு நின்றது, பின்பு சட்டமும் தடுத்தது. இன்று அமா முட்சுன் பூர்வகுடி மக்கள் பூங்காத் துறையோடு சேர்ந்து கிரோஸ்டே பள்ளத்தாக்கில் அந்தப் பழைய அறிவை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2020 தீயைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

ஏஞ்சல் தீவைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வராது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்தோ டிபுரானிலிருந்தோ படகில் போகும் அந்தத் தீவும் ஒரு ஸ்டேட் பார்க். சைக்கிள் ஓட்டவும் பாலத்தைப் பார்க்கவும் போகிறோம். 1910 முதல் 1940 வரை பசிபிக் வழியாக வந்தவர்களை நிறுத்தி வைத்து விசாரித்த குடிவரவு நிலையம் அங்கேதான் இருந்தது. சீனர்களைச் சட்டம் பெயர் சொல்லியே தடுத்த காலம். வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், இரண்டு ஆண்டுகூட, அடைபட்டுக் கிடந்தார்கள். அடுக்குப் படுக்கைகளுக்கு நடுவே மரச்சுவரில் கவிதைகளைச் செதுக்கினார்கள். இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, வந்தவர்களும் ஆயிரக்கணக்கில் அந்த வாசலில் நின்றார்கள். அங்கே திருப்பி அனுப்பப்பட்டவர்களின் விகிதம் மற்ற எந்த நாட்டினரையும்விட அவர்களுக்கே அதிகம்.

1915இல் காலா பகாய் என்ற இளம்பெண் கணவர் வைஷ்ணோ தாஸோடும் மூன்று சிறுவர்களோடும் வந்து இறங்கினார். அந்தக் குடும்பத்தையும் தீவில் நிறுத்தி வைத்தார்கள், கையில் 25,000 டாலர் இருப்பதைக் காட்டிய பிறகு விட்டார்கள். அந்த ஊர்ப் பத்திரிகைக்குப் பெரிதாகப் பட்டது அவருடைய வைர மூக்குத்தி. அதையே தலைப்புச் செய்தியாகப் போட்டார்கள். பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோன அன்று அக்கம்பக்கத்தார் உள்ளே நுழைய விடவில்லை. இந்தியர் குடிமக்களாக முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கணவரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. அவர் 1928இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். காலா பகாய் தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தார், பின்னாளில் தெற்கு கலிபோர்னியாவில் புதிதாக வந்த இந்தியக் குடும்பங்களுக்கெல்லாம் ஆதரவாக இருந்தார். பெர்க்லி நகரின் நடுவில் இன்று ஒரு தெரு அவர் பெயரில் இருக்கிறது. நம் பெண்பிள்ளைகள் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மூக்குத்தி அணிந்து நிற்கும்போது இந்தக் கதை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்தக் கட்டடங்கள் இடிக்கப்பட இருந்தவை. 1970இல் அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் சுவரில் செதுக்கிய எழுத்துகளைக் கவனித்தார். மேலதிகாரிகளுக்கு அதில் அக்கறை இல்லை. அவர் விடவில்லை, பல்கலைக்கழகத்தில் சொன்னார். ஆசிய அமெரிக்க மாணவர்களும் சமூக அமைப்புகளும் எடுத்துக்கொண்டார்கள். 1976இல் சட்டமன்றம் அதைப் பாதுகாக்க இரண்டரை லட்சம் டாலர் ஒதுக்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட கவிதைகள் இன்று பதிவாகியிருக்கின்றன. மறுபடியும் ஒரு சிறு கூட்டம், ஒரு பிடிவாதம், ஒரு தீர்மானம்.

2011ஐயும் நினைவுபடுத்த வேண்டும். பட்ஜெட்டில் துண்டு விழுந்தது, 70 மாநிலப் பூங்காக்களை மூடப்போவதாக அறிவித்தார்கள். 87,000 ஏக்கர் பரப்புள்ள, நம் மோர்கன் ஹில்லுக்குப் பின்னால் விரியும் ஹென்றி கோ பூங்காவும் அந்தப் பட்டியலில் இருந்தது. தன்னார்வலர்கள் பணம் திரட்டினார்கள், சில பூங்காக்களை லாபநோக்கற்ற அமைப்புகளே நடத்த முன்வந்தன, ஏறக்குறைய எல்லாம் தப்பின. அடுத்த ஆண்டு பூங்காத் துறையின் கணக்கில் 5 கோடியே 40 லட்சம் டாலர் வெளியே காட்டப்படாமல் இருந்தது தெரியவந்தது. உண்டியல் குலுக்கிய மக்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பூங்காக்களை நேசிப்பது என்றால் அவற்றின் கணக்கைக் கேட்பதும்தான் என்று நான் நினைக்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் வரும்போது, கடிதம் எழுதும் அமைப்புகளில் தமிழ் அமைப்புகளின் பெயரும் இருக்க வேண்டும்.

எனவே என் வேண்டுகோள்கள். வருடத்தில் ஒரு பிக்னிக்காவது ஸ்டேட் பார்க்கில் வையுங்கள், காலை ஒன்பதுக்கே தொடங்குங்கள், சாப்பாட்டுக்கு முன் பூங்காவின் வழிகாட்டியோடு ஒரு மணி நேர நடை கட்டாயம் இருக்கட்டும். நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஹென்றி கவல் தோப்பைப் போன்ற சமதளப் பாதை உள்ள இடமாகப் பாருங்கள். தமிழ்ப் பள்ளிகளின் மேல்வகுப்புகளுக்கு ஏஞ்சல் தீவு ஒரு பாடமாக வரட்டும். குடிவரவு, புலம்பெயர்வு, உரிமை என்ற சொற்களை அகராதியில் தேடுவதைவிட அந்தச் சுவருக்கு முன்னால் நின்று தமிழில் பேசினால் நன்றாகப் பதியும். காடு சுத்தம் செய்ய, பாதை சீரமைக்க பூங்காக்கள் தன்னார்வலர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமூகசேவை மணிநேரம் எப்படியும் தேவை. ஒரு சனிக்கிழமையை அமைப்பின் பெயரில் கொடுங்கள். செலவைப் பற்றிய கவலை உள்ள குடும்பங்களுக்கு, பொது நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோலப் பூங்கா அனுமதி அட்டையை எடுத்துப்போகும் திட்டம் 2022இல் தொடங்கியது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட சில பூங்காக்களில் இலவச அனுமதியும் உண்டு. பக்கத்து நூலகத்தில் விசாரித்து உறுப்பினர்களுக்குத் தெரிவியுங்கள்.

இந்த மடலில் உள்ளவற்றைத் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக, மர்லெட் பறவையின் படத்தோடு, தயாரித்துத் தர நான் தயார். திருத்தவும் சேர்க்கவும் உங்கள் ஆசிரியர்கள் உதவினால் போதும்.

குளிர்கால நிகழ்ச்சியாக ஒன்று வேண்டும் என்றால் ஆனோ நுயேவோ ஸ்டேட் பார்க் இருக்கிறது. வேட்டையில் ஏறக்குறைய அழிந்தே போன யானைச்சீல் என்ற பெரிய கடல் விலங்குகள் 1955இல் அங்கே திரும்பி வந்தன. இன்று டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் முடிய, இரண்டு டன் எடையுள்ள ஆண்கள் மணலில் மோதிக்கொள்வதையும் குட்டிகள் பால் குடிப்பதையும் வழிகாட்டியோடு மட்டுமே போய்ப் பார்க்கலாம். அந்த முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். மற்ற முடிவுகளுக்கு அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கு மட்டும் இந்த மாதக் கூட்டத்திலேயே ஒரு தேதியும் ஒரு பொறுப்பாளரும் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்